சொல்லிவிட்டு அடிக்கும் கோட்டை

ஜனவரி 12

மாப்பிள்ளைக்கு,

நீ போய்ச் சேர்ந்த தகவல் கிடைத்தது. குளிர் ஒத்துக்கொள்கிறதா, சாப்பாடு வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறதா என்று உன் அக்கா என்னைத்தான் கேட்கிறாள், ஏதோ நான் உன் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன் மாதிரி. இங்கே மூன்று பேரும் சுகம். உன் மருமகள் குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. இரண்டாம் வகுப்பிலேயே பொக்கைவாயா என்று கேலி செய்தேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

சுரங்கம் தோண்டுகிற இடத்தில் போன் எடுக்காது, பதினைந்து நாளைக்கு ஒருமுறை லாரி வந்தால்தான் தபால் என்று நீ சொன்னதும் உன் அக்கா மூக்கைச் சிந்தினாள். எனக்கு உள்ளூர சந்தோஷம். இனி யாரிடமும் விடை கேட்டு நீ என்னை ஏமாற்ற முடியாது. பார்சலில் ஸ்வெட்டருக்கு அடியில் பார். 'கரிக்கோட்டை' வீடியோ கேம், டிவியில் மாட்டும் பெட்டியோடு உனக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இங்கே இருந்தவரை கன்ட்ரோலருக்காக என்னோடு மல்லுக்கட்டினாயே, இனி நீ அங்கே ஆடு, நான் இங்கே ஆடுகிறேன்.

விதி இதுதான். வேறு யாரையும் கேட்கக் கூடாது. சந்தேகம் வந்தால் கடிதத்தில் கேட்க வேண்டும். கடிதத்துக்கு ஒரு நிறை, ஒரு குறை கட்டாயம் எழுத வேண்டும். எரிந்துபோன அந்தக் கோட்டையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஏறி, உச்சியில் இருக்கும் மணிக்காரனை யார் முதலில் சாய்க்கிறாரோ, அவருக்கு மற்றவர் ஒரு மாதம் அடிமை.

நானே ஆரம்பிக்கிறேன். நிறை: இந்த ஆட்டத்தில் எவனும் சொல்லாமல் அடிக்க மாட்டான். கோடாரிக்காரன் முதலில் தோளைத் தூக்குவான். நாய் பின்னங்காலை மடக்கிவிட்டுத்தான் பாயும். பார்த்தால் தப்பிக்கலாம், செத்தால் நம் தப்பு. இருபது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறேன், ரோட்டில் ஒருத்தனிடமும் இந்த நாகரிகத்தைக் கண்டதில்லை. குறை: செத்தால் கோட்டையில் கடைசியாகத் தொட்ட விளக்குக்கம்பத்திலிருந்து திரும்ப நடக்க வேண்டும். சாவதற்கு ஆகும் நேரத்தைவிட நடக்கும் நேரம் அதிகம்.

உடம்பைப் பார்த்துக்கொள். குழிக்குள் வீரம் காட்டாதே.

அத்தான்

*

ஜனவரி 30

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மாப்பிள்ளை இன்னும் உயிரோடு இருக்கிறேன், கோட்டையில் மட்டும்தான் சாகிறேன். அக்காவின் முழங்கால் வலி தேவலையா? குட்டியின் பல்லைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.

சுரங்கத்தில் துளைபோடும் இயந்திரத்துக்கு நான்தான் ஃபிட்டர். எண்ணெய்க் குழாய் ஒன்று தினமும் வெடிக்கும், தினமும் மாற்றுவேன். தலையில் விளக்குக் கட்டிய தொப்பி, மூக்கில் துணி, உடம்பெல்லாம் புழுதி. சாயங்காலம் சாப்பாட்டுக் கொட்டகை டிவியில் கோட்டைக்குள் நுழைகிறேன். சமையல்காரர் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, நாள் முழுக்கக் குழிக்குள்ள கிடக்கறது பத்தாதா, வெளிய வந்து வேற சாகணுமா" என்கிறார். ஆனால் இடத்தைவிட்டு நகர்வதில்லை. நான் சாகும்போதெல்லாம் கரண்டியால் தட்டில் ஒரு தட்டு தட்டுகிறார்.

நிறை: நஷ்டம் நஷ்டமாகவே இருக்கிறது. காசு மாதிரி சேர்த்த தணல் முழுவதும் செத்த இடத்திலேயே கொட்டிக் கிடக்கும். மறுபடி போய் அள்ளலாம். போகிற வழியில் இன்னொருமுறை செத்தால் அதுவும் போச்சு. இப்படிக் கைவிட்டுப் போகும் பயம் இல்லாவிட்டால் யார் கவனமாக நடப்பார்கள்? குறை: கடைக்காரி. எத்தனைமுறை போனாலும் "கரி வேணுமா, கண்ணீர் வேணுமா" என்கிறாள். இத்தனை பெரிய கோட்டையைக் கட்டினவர்களுக்கு இரண்டாவது வசனம் எழுத ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

இங்கே ஆபீஸில் ஒரு போன் இருக்கிறது. உயிர் போகிற காரியத்துக்கு மட்டும்தான், அதுவும் என்ஜினியர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அதனால் கோட்டை விஷயமெல்லாம் லாரியில்தான் வரும்.

உங்கள் மாப்பிள்ளை

*

பிப்ரவரி 21

மாப்பிள்ளைக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் அக்கா முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டையே மணக்க வைத்திருக்கிறாள். உன் இருமல் குறைந்ததா என்று கேட்கச் சொன்னாள். நீ இருமல் என்று எழுதவே இல்லையே என்றேன். "எழுதமாட்டான், எனக்குத் தெரியும்" என்கிறாள்.

இந்தமுறை குறையை முதலில் எழுதுகிறேன், கோபம் அடங்கவில்லை. நிலவறை. அங்கே இருட்டை அள்ளிக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கையில் விளக்கு எதற்கு? படி எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. விழுந்து விழுந்து சாகிறேன். கலைநயம் என்று நினைத்துச் செய்திருப்பார்கள். பார்க்க முடியாததில் என்ன கலை? நிறை என்று எழுத இந்தமுறை மனசில்லை.

இங்கே ஒரு மாற்றம். மாலை ஷிப்டை இன்னொரு டிரைவருக்குக் கொடுத்துவிட்டுக் காலைக்கு மாறிவிட்டேன். அதற்குப் பதிலாக அவனுடைய ஞாயிற்றுக்கிழமையையும் நான் ஓட்ட வேண்டும். பரவாயில்லை. சாயங்காலத்தில் குடிகாரர்கள் தொல்லை தாங்கவில்லை. உன் அக்காவிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

நிலவறையை எப்படித் தாண்டினாய் என்று விவரமாக எழுது.

அத்தான்

*

மார்ச் 7

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லோரும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவிடம் இருமல் இருக்கிறது என்று சொல்லாதீர்கள், இருக்கிறது.

நிலவறை அவ்வளவு இருட்டு இல்லை அத்தான். படிகளின் ஓரத்தில் பச்சையாகப் பாசி மினுங்குமே, அதைப் பிடித்துக்கொண்டே போனால் நேராகக் கீழே விட்டுவிடும். டிவியில் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் வயதாகிவிட்டதென்று ஒப்புக்கொள்ளுங்கள், அடிமைக் காலத்தில் உங்களுக்குச் சலுகை தருகிறேன்.

கேலி போகட்டும், வித்தை ஒன்று சொல்கிறேன். எதிரே பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள். கோழி மாதிரி நடக்க வேண்டும். நாலடி வைத்ததும் இடது பக்கம் ஒரு திருப்பு, வலது பக்கம் ஒரு திருப்பு, மறுபடி நேரே. பழகிவிட்டால் கை தானாகச் செய்யும். அப்புறம் காது. ஒவ்வொருவனுக்கும் ஒரு சத்தம் இருக்கிறது. கோடாரிக்காரனின் கோடாரி தரையில் உரசும், நாய்க்கு மூச்சிரைக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு பாதி நிலவறையைத் தாண்டிக் காட்டினேன், சமையல்காரர் எனக்கு முட்டை அதிகம் வைத்தார்.

நிறை: சத்தம். குறை: சுவரோரம் ஒதுங்கினால் கேமரா நம் பிடரியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. என் தலைமுடியைப் பார்த்துக்கொண்டே எத்தனைமுறை செத்திருக்கிறேன் தெரியுமா.

குட்டிக்கு முத்தம்.

உங்கள் மாப்பிள்ளை

*

மார்ச் 29

மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். அங்கே எப்படி?

உன் கோழி வித்தை பலே. நிலவறையைத் தாண்டிவிட்டேன். கோட்டையில் மட்டுமில்லை, ரோட்டிலும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. இடது ஒரு திருப்பு, வலது ஒரு திருப்பு. கண்டக்டர் கேட்டான், "என்னண்ணே, கழுத்துல சுளுக்கா, கோழி மாதிரி ஆட்டறீங்க" என்று. மச்சான் சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சி என்றேன்.

நிறை எழுதியாயிற்று, உன் வித்தைதான். இனி குறை. மேல்மாடத்தில் கொக்கிக்காரி. இவளை உண்டாக்கினவன் ஆட்டத்தின் தர்மத்தையே கெடுத்துவிட்டான். எல்லோரும் சொல்லிவிட்டு அடிப்பார்கள், இவள் சொல்லாமல் அடிக்கிறாள். இடது பக்கத்திலிருந்து திடீரென்று கொக்கி விழுகிறது. சத்தம் இல்லை, அறிகுறி இல்லை. முதல் கடிதத்தில் நான் எழுதிய நிறையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ரோட்டிலும் இப்போதெல்லாம் கொக்கிக்காரிகள் பெருத்துவிட்டார்கள். போன வாரம் ஒரு விளக்குக்கம்பம் இடது கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டது. கம்பம் நகராது, தெரியும், சிரிக்காதே. நேற்று ஒருத்தன் சைக்கிளில் எங்கிருந்தோ முளைத்தான். உரசியதோடு போயிற்று, கைமுட்டியில் சிராய்ப்பு. மணியடித்துக்கொண்டேதான் வந்தேன் என்கிறான். எல்லோரும் சொல்லாமல் வந்துவிட்டு நம்மேல் பழி போடுகிறார்கள்.

உன் அக்காவுக்கு இதெல்லாம் எழுத வேண்டாம். அவளுக்குச் சின்ன விஷயத்துக்கும் படபடப்பு.

அத்தான்

*

ஏப்ரல் 11

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? எப்போதும் கேட்கிற மாதிரி கேட்கவில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் கொக்கிக்காரியிடம் போனேன். ஏழெட்டுத் தடவை வேண்டுமென்றே அவளிடம் போய் நின்றேன். அத்தான், இந்த ஆட்டத்திலேயே அதிகமாகச் சொல்லிவிட்டு அடிப்பவள் அவள்தான். இடது பக்கம் சிவப்பு விளக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். நொண்டி நொண்டி வருகிறாள். எனக்குக் கொட்டாவியே வந்துவிட்டது. சமையல்காரருக்கு ஆட்டத்தில் ஆனா ஆவன்னா தெரியாது, அவரே "அதோ வராடா, வராடா" என்று கரண்டியை நீட்டினார். உங்களுக்கு மட்டும் அவள் எப்படி மறைந்து வந்தாள்?

அதற்கு விடை நேற்றுக் கிடைத்தது என்று நினைக்கிறேன். சுரங்கத்தில் விளக்குகள் எல்லாம் அணைந்துவிட்டன. தொப்பி விளக்கு மட்டும்தான். அது விழுகிற வட்டத்தில் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, நட்டின் மறையைக்கூட எண்ணலாம். வட்டத்துக்கு வெளியே ஒன்றும் இல்லை. தோளில் ஒரு கை விழுந்து தூக்கிவாரிப்போட்டது. "ஏன் சார் சொல்லாம வந்தீங்க" என்றேன். மேஸ்திரி, "இங்கதானேப்பா அப்பலேர்ந்து நிக்கறேன்" என்றார்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன் அத்தான். நிலவறை இருட்டு, மாலை ஷிப்ட், விளக்குக்கம்பம், சைக்கிள், எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. உங்களுக்குப் பக்கவாட்டில் பார்வை இருக்கிறதா? டாக்டரிடம் போனீர்களா? நான் விளையாட்டுக்குச் சொன்ன கோழி வித்தையை வைத்துக்கொண்டு பஸ் ஓட்டுகிறீர்களா?

என் சந்தேகம் தப்பென்றால் சந்தோஷமாக அடிமையாக இருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி. மணிக்காரன் கூடத்துக்குள் நுழைந்ததும் இடது பக்கம் என்ன நிற்கிறது? தலையைத் திருப்பாமல் பார்த்து எழுதுங்கள்.

இந்தமுறை நிறை குறை எழுதவில்லை.

உங்கள் மாப்பிள்ளை

*

மே 3

மாப்பிள்ளைக்கு,

சௌக்கியம். பதில் எழுத நேரமாகிவிட்டது, வண்டி ரிப்பேர், ஆள் குறைவு.

குழிக்குள் கிடந்து கிடந்து உனக்குக் கற்பனை பெருத்துவிட்டது. கண் டாக்டரிடம் போனேன். வயசுக் கோளாறுதானாம். சொட்டு மருந்து கொடுத்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இப்போது எல்லாம் சரி. டிப்போவில் வருஷாந்திரக் கண் சோதனையும் முடிந்தது. எதிரே தொங்கும் அட்டையில் கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் படித்தேன், "கழுகுக் கண்ணுய்யா உமக்கு" என்றார்கள்.

உன் பரீட்சைக்கு விடை: இடது பக்கம் நிற்பது ரெட்டைச் சடை போட்ட அக்கா சிலை. கையில் பூ. போதுமா வாத்தியாரே?

கொக்கிக்காரியையும் முடித்துவிட்டேன். நிறை: பொறுமையாக இருந்தால் எதையும் தாண்டலாம். குறை: பக்கத்தில் இருந்து ஆடாதவர்கள் அதிகம் பேசுகிறார்கள்.

இன்னும் கொஞ்ச காலம் ஓட்டினால் போதும், குட்டி ஒரு நிலைக்கு வந்துவிடுவாள். உன் அக்காவிடம் கண் மருந்து என்று ஏதும் எழுதிவைக்காதே. அவளுக்குத் தெரியாது.

அத்தான்

*

மே 11

என் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இருமலுக்குக் கஷாயம் குடிக்கிறாயா? சும்மா தலையாட்டாதே. எனக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதைவிடு.

உன் அத்தானைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் இருவரும் அந்தப் பாழாய்ப்போன ஆட்டத்தைப் பற்றி எழுதிக்கொள்வதில் உன்னிடம் ஏதாவது சொன்னாரா? கொஞ்ச நாளாக ஆள் சரியில்லை. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார். தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுகிறார். நான் பக்கத்தில் நின்றால் திடுக்கிடுகிறார். குடிக்கிறாரோ என்று சந்தேகப்பட்டுத் தூங்கும்போது முகர்ந்துகூடப் பார்த்துவிட்டேன், வெட்கக்கேடு. அந்த வாடையே இல்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல, யோசனை" என்கிறார். வேறெங்காவது மனசு போய்விட்டதா? உன்னிடம்தான் வாய் திறப்பார். கேட்டுச் சொல்.

ஒரே ஆறுதல் குட்டி. பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து அப்பாவை விடுவதில்லை. சாயங்காலம் ஆட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, அங்க ஒருத்தன், இங்க ஒருத்தி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். காலையில் பஸ்ஸிலும் கூடவே போகிறாள். முன்னால் இடது பக்க சீட் அவளுக்குத்தானாம். "நான் அப்பாவுக்கு சைக்கிள் சொல்றேன், ஆட்டோ சொல்றேன், அப்பா எனக்கு மிட்டாய் வாங்கித் தரார்" என்கிறாள். அப்பனும் மகளும் இவ்வளவு ஒட்டுதலாக இருந்து நான் பார்த்ததில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

உடனே எழுது.

அக்கா

*

மே 20, செவ்வாய்

அத்தானுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, மன்னியுங்கள்.

அது சடை இல்லை அத்தான். பாம்பு. அது ராணி சிலை, அவள் கிரீடத்திலிருந்து இரண்டு பாம்புகள் தோளுக்கு இறங்குகின்றன, நுனியில் படம் எடுத்திருக்கின்றன. கையில் இருப்பது பூ இல்லை, குத்துவாள். தூரத்திலிருந்து பார்க்கும் ஒரு சின்னப் பெண்ணுக்குத்தான் அது ரெட்டைச் சடை போட்ட அக்காவாகத் தெரியும். நாற்பத்தாறு வயசில் நீங்கள் ஒரு சிலையை அக்கா என்று கூப்பிட மாட்டீர்கள். அந்த விடை குட்டி சொன்னது.

அவள் இப்போது பஸ்ஸிலும் உங்களுக்கு விடை சொல்கிறாள். அக்கா எழுதியிருக்கிறாள், பெருமையாக. ஏழு வயசுப் பிள்ளையைக் கண்ணாக வைத்துக்கொண்டு ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். கண் சோதனையில் எதிரே இருக்கும் எழுத்தைத்தான் படிக்கச் சொல்வார்கள், எதிரே உங்களுக்குத் தெரிகிறது. ஓரம் போய்விட்டது. டாக்டர் சொட்டு மருந்து மட்டுமா கொடுத்தார்? வண்டி ஓட்டாதே என்று சொல்லவில்லையா? அந்த ஒரு வரியை விட்டுவிட்டுத்தானே எனக்கு எழுதினீர்கள்?

உங்கள்மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு வேலை இல்லாத காலத்தில் ஒரு சுடுசொல் சொல்லாமல் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர் நீங்கள். அதனால் இதைச் செய்ய எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பதும் தெரிந்திருக்கும்.

நாளை லாரி இறங்குகிறது. சனிக்கிழமை இது உங்கள் கையில் இருக்கும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் போனில் உங்கள் டிப்போ மேனேஜரிடம் பேசப்போகிறேன். அதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். நீங்களாகச் சொன்னால் கண் போன டிரைவர், டிக்கெட் கவுண்டரிலாவது உட்கார வைப்பார்கள். நான் சொன்னால் மறைத்து ஓட்டினவர், வெளியே அனுப்பிவிடுவார்கள். அதற்காகத்தான் இடையில் இரண்டு நாள். ஞாயிறு உங்களுக்கு லீவுதானே, உட்கார்ந்து யோசியுங்கள். அக்காவுக்கு நான் எழுதவில்லை. அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதுதான் முறை.

குட்டியை மட்டும் இனி ஒரு நடைகூட பஸ்ஸில் ஏற்றாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

நம் ஆட்டத்தில் எவனும் சொல்லாமல் அடிக்க மாட்டான். நானும் சொல்லிவிட்டுத்தான் அடிக்கிறேன், அத்தான்.

உங்கள் மாப்பிள்ளை

*

ஜூன் 14

தம்பி,

நீ திங்கட்கிழமை காலையில் டிப்போவுக்கு போன் செய்தாயாம். மேனேஜர் வீட்டுக்கு வந்தபோது சொன்னார். "ஒரு நாள் முன்னாடி பேசியிருக்கக் கூடாதாம்மா உங்க தம்பி" என்றார். அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. உன் கடிதத்தை அவருடைய சட்டைப்பையிலிருந்து போலீஸ் எடுத்துக் கொடுத்தார்கள். படித்தேன்.

ஞாயிறு அவருக்கு லீவு இல்லையடா. ஷிப்ட் மாறினதிலிருந்து ஞாயிறும் ஓட்டுகிறார். உனக்கு எழுதியிருந்தாராமே, மறந்துவிட்டாயா?

சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு ஆட்டம் ஆடவில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். நல்ல சட்டையைத் தேய்த்துத் தரச் சொன்னார். எதற்கு என்றேன். "திங்கக்கெழம டிப்போவுல பெரியவரப் பாக்கணும்" என்றார். போய்ச் சொல்லத்தான் இருந்தார். அது எனக்கு இப்போது தெரிகிறது.

ஞாயிறு காலை குட்டி வழக்கம்போலக் கிளம்பி வாசலில் நின்றாள். "இன்னிக்கு வேணாம்மா" என்றார். அவள் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிரித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நீ கேட்டுக்கொண்டபடி ஒரு நடைகூட அவளை ஏற்றவில்லை. இடது சீட் காலியாக இருந்தது.

ஒரு பெயிண்டர். சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு, இடது ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தார். ஏணி நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. பிழைக்கவில்லை.

இவர் ஓடவில்லை, மறைக்கவில்லை. இறங்கி ரோட்டில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு ஓரம் தெரியாது, எனக்கு ஓரம் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். கேஸ் நடக்கிறது. ஜாமீனில் வீட்டில் இருக்கிறார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். ஒரே ஒரு வரி. வாசலில் குறுக்கே படுத்திருப்பேன். நீங்கள் இரண்டு பேரும் உங்கள் விளையாட்டு விதியிலேயே பேசிக்கொண்டீர்கள். ஒருத்தர் மரியாதையை ஒருத்தர் காப்பாற்றினீர்கள். நான் அடுப்படியில் நின்றுகொண்டு அவர் வாயை முகர்ந்துகொண்டிருந்தேன்.

குட்டி யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. நேற்று இட்லிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "நான் போயிருந்தா சொல்லியிருப்பேன்ல" என்றாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கொஞ்ச நாள் நீ வராதே. வரச் சொல்லி நானே எழுதுகிறேன்.

அக்கா

*

ஜூலை 2

மாப்ளே,

எப்படி இருக்கிறாய்? இருமல் போயிற்றா? நான் இருக்கிறேன்.

நீ எழுதிய இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுதக் கை வரவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாய். கேட்க வேண்டியவன் நீ இல்லை. உன் அக்கா கோபம் தணியும், அவள் கோபம் பழசானால் உனக்குத்தான் முதலில் பார்சல் கட்டுவாள். அதுவரை குழியை ஒழுங்காகத் தோண்டு.

ஆட்டத்தை எடுத்துக் கட்டிவைத்துவிட்டேன். டிவியைப் போட்டாலே குட்டி அறைக்குள் ஓடிவிடுகிறாள். மணிக்காரனை நான் சாய்க்கவே இல்லை. நீ சாய்த்திருந்தால் சொல்லாதே, எனக்கு அடிமைத்தனம் செய்யத் தெம்பில்லை.

பெயிண்டரின் மனைவி வந்திருந்தாள். திட்டுவாள் என்று எழுந்து நின்றேன். வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு நேர் எதிரே நின்றாள். அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது, புருவத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்புப் பொட்டு வரைக்கும். அந்த வீட்டில் அவளும் பெயிண்ட் வேலைதான் போலிருக்கிறது.

நிறை குறை பாக்கி இருக்கிறது, எழுதிவிடுகிறேன். ஆட்டத்தில் தப்பு செய்தால் செய்தவன்தான் சாவான். அது நிறை. குறையை நான் முதல் கடிதத்தில் தப்பாக நிறை என்று எழுதிவிட்டேன்.

உன் கடிதம் சனிக்கிழமையிலிருந்து என் பையில் இருந்தது. ஞாயிறு காலை வண்டியை எடுக்கும்போது தொட்டுப் பார்த்தேன். நாளைக்குத்தானே, இன்றைக்கு ஒரு நாள் நம்முடையது என்று நினைத்தேன். கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன். இருபது வருஷம் பழகின வண்டி. நீ நியாயமாகத்தான் நடந்துகொண்டாய். எனக்கு நேரம் கொடுத்தாய்.

சொல்லாமலே அடித்திருக்கலாம், மாப்ளே.

அத்தான்